ஆறே முக்கால் டிகிரி: சோயுஸ் எம்எஸ்-10, ஒரு நிகழ்வு ஆய்வு

2018 அக்டோபர் 11, வியாழக்கிழமை. அக்கா மகனுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். கசகஸ்தானிலுள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் விண்கலம் கிளம்பும் நேரலையை நான் போனில் வைத்திருந்தேன். நம் நேரப்படி மதியம் 2 மணி 10 நிமிடம். ராக்கெட் எழும்பியதும் அவனும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, இது எங்க போகுது?"

"மேல ஸ்டேஷனுக்குடா. ஆறு மணி நேரத்துல போய்ச் சேர்ந்துடுவாங்க."

இரண்டு நிமிடம் எல்லாம் சரியாகத்தான் போனது. திடீரென்று திரையில் தெரிந்த விண்வெளி வீரர்கள் இருவரும் இருக்கையோடு சேர்ந்து உலுக்கப்பட்டார்கள். சற்று நேரத்தில், ராக்கெட்டில் கோளாறு, கலம் பிரிந்துவிட்டது என்று வர்ணனையாளர் குரல் சொன்னது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "மாமா, அவங்க செத்துட்டாங்களா?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தரையிறங்கிவிட்டார்கள், உயிரோடு இருக்கிறார்கள் என்று செய்தி வரும்வரை இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் அவன் பலமுறை கேட்டுவிட்டான்: எப்படி மாமா தப்பிச்சாங்க? "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அது அதிர்ஷ்டம் இல்லை. என்ன நடந்தது என்பதை ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று கிளம்பியவர்கள்

கலத்தின் தலைவர் அலெக்ஸி ஓவ்சினின். ரஷ்யாவின் ரீபின்ஸ்க் நகரில் பிறந்தவர், ராணுவ விமானி. 2016-ல் ஒருமுறை விண்வெளி நிலையத்துக்குப் போய் 172 நாள் இருந்துவிட்டு வந்தவர். உடன் போனவர் அமெரிக்க விமானப் படையின் நிக் ஹேக். அவருக்கு இது முதல் பயணம். ஹேக் விமானி இல்லை, விமானச் சோதனைப் பொறியாளர். விண்வெளிக்குப் போக வேண்டுமென்றால் போர் விமானம் ஓட்டியிருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2013-ல் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்து, நாசா எட்டுப் பேரை எடுத்தது. அந்த எட்டில் ஒருவர் இவர்.

சோயுஸில் மூன்று பேர் உட்காரலாம். அன்று இரண்டு பேர்தான். மூன்றாவதாகப் போகவிருந்த நிகோலாய் டிகோனவ், ரஷ்யாவின் புதிய ஆய்வகப் பகுதியான நவுகா தாமதமானதால் இந்தப் பயணத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தார்.

ராக்கெட் சோயுஸ்-எஃப்ஜி. 2001 முதல் பறந்து வந்தது, அன்று வரை ஒருமுறைகூடத் தோற்காதது. கிளம்பிய மேடை 1961-ல் ககாரின் கிளம்பிய அதே மேடை. 2011 ஜூலையில் அமெரிக்காவின் ஷட்டில் விண்வெளி ஓடம் ஓய்வு பெற்றபின், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மனிதர்களை ஏற்றிச் செல்ல உலகத்திடம் இருந்த ஒரே வண்டி இதுதான். அதுவும் நின்றுவிட்டால் வேறு வழி கிடையாது. அன்று பைக்கனூரில் நாசா தலைவர், ரஷ்ய விண்வெளி நிறுவனமான ரோஸ்காஸ்மாஸின் தலைவர் இருவருமே நேரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

118-ஆவது நொடி

சோயுஸ் ராக்கெட்டின் கீழ்ப்பகுதியைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு நீண்ட உடல். அதைச் சுற்றி, மேலே கூம்பாகக் குறுகும் நான்கு பக்க ராக்கெட்டுகள். தரையிலேயே ஐந்தும் சேர்ந்து எரிய ஆரம்பிக்கும். பக்கத்து நான்கும் சுமார் 118 நொடியில் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு கழன்று விழ வேண்டும். நடு உடல் தொடர்ந்து எரியும்.

அந்தக் கழலும் முறை எனக்கு மிகவும் பிடித்த பொறியியல். ஒவ்வொரு பக்க ராக்கெட்டின் கூம்பு முனையிலும் ஒரு குமிழ் இருக்கிறது. அது நடு உடலில் உள்ள ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும், நம் தோள் எலும்பு மூட்டு மாதிரி. கீழே சில பட்டைகள் அதை நடு உடலோடு கட்டிப் பிடித்திருக்கும். நேரம் வந்ததும் எஞ்சினின் உந்துதல் தணியும், கீழ்ப் பட்டைகள் அறுபடும். மிச்சமிருக்கும் உந்துதல், மேல் குமிழை அச்சாகக் கொண்டு அடிப்பாகத்தை வெளிப்பக்கம் விரித்துவிடும். குடை விரிவது போல நான்கும் விரியும். உந்துதல் முழுதாக அடங்கியதும் குமிழ் குழியைவிட்டுத் தானாக நழுவும்.

நழுவியதும் இன்னொரு வேலை நடக்கிறது. குமிழ் குழிக்குள் இருக்கும்வரை அமுங்கியிருந்த ஒரு சின்னக் கம்பி, குமிழ் வெளியே வந்ததும் விடுபடும். பிரிந்தாயிற்று என்று சொல்லும் தொடு உணரி அது. அந்தச் சைகை கிடைத்தவுடன் பக்க ராக்கெட்டின் உச்சியில் ஒரு மூடி திறக்கும். ஆக்சிஜன் தொட்டியில் மிச்சமிருக்கும் அழுத்தம் அந்தத் துளை வழியாகப் பீறிட்டு, கூம்பு முனையை நடு உடலிலிருந்து அப்பால் தள்ளும். நான்கும் ஒரே நேரத்தில் இப்படி விலகும்போது, தரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு வானத்தில் ஒரு சிலுவை விரிவது போலத் தெரியும். சோவியத் ராக்கெட்டுகளின் தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கோரொலியோவின் பெயரால் அதைக் கோரொலியோவ் சிலுவை என்கிறார்கள்.

அன்று மூன்று மூடிகள் திறந்தன. நான்காவது திறக்கவில்லை.

நான்காவது பக்க ராக்கெட்டின் அடிப்பாகம் விரிந்தது, பட்டைகள் அறுந்தன, எல்லாம் முறைப்படிதான். மூடி திறக்காததால் முனையைத் தள்ளிவிட ஆளில்லை. அது நடு உடலை ஒட்டியே சறுக்கி, அதன் எரிபொருள் தொட்டிப் பகுதியில் இடித்தது. தொட்டி கிழிந்து அழுத்தம் போனது. அதற்குமேல் ராக்கெட் நேராக நிற்க வழியில்லை. திரையில் நாங்கள் பார்த்த உலுக்கல் அதுதான்.

அப்போது உயரம் ஏறக்குறைய 50 கி.மீ.

கோபுரம் போன பிறகு

சோயுஸின் தலையில் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்தைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் தப்பிக்கும் ராக்கெட். கீழே வெடித்தாலோ எரிந்தாலோ, வீரர்கள் இருக்கும் பகுதியை மட்டும் பிய்த்துத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

கோபுரத்தை விண்வெளிவரை சுமந்துகொண்டு போக முடியாது, எடை அதிகம். காற்று அடர்த்தியாக இருக்கும் ஆபத்தான கட்டம் தாண்டியதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். சோயுஸில் அது நடப்பது கிளம்பி இரண்டு நிமிடம் ஆவதற்குச் சற்று முன், பக்க ராக்கெட்டுகள் பிரிவதற்குச் சில நொடிகள் இருக்கும்போது. அன்றும் அப்படியே நடந்தது. கோபுரம் கழன்றது. சில நொடி கழித்துத்தான் இடி.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காப்பாற்ற வைத்திருந்த பொருளை எறிந்த கையோடு ஆபத்து வருகிறது. அந்தச் சில நொடி இடைவெளியையும் ஒருவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். கோபுரம் போனபின்பும், கலத்தை மூடியிருக்கும் கூம்பு உறையிலேயே சிறிய திட எரிபொருள் மோட்டார்கள் பொருத்தியிருந்தார்கள். கோபுரம் கழன்றதற்கும் உறை கழல்வதற்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய நேரத்துக்கென்றே வைத்த மோட்டார்கள். பல பயணங்களில் உபயோகமில்லாமல் போய்த் தரையில் விழுந்தவை. அன்று அவைதான் எரிந்தன. கலத்தை உறையோடு சேர்த்து ராக்கெட்டிலிருந்து இழுத்து விலக்கின.

இதை இயக்கியது ஓவ்சினினும் இல்லை, ஹேக்கும் இல்லை. மனிதன் கண்டு, புரிந்து, பொத்தானைத் தேடுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். எல்லாம் தானியங்கி. வீரர்கள் இருவரும் கண்ணெதிரே எரிந்த எச்சரிக்கை விளக்கைப் படித்து, என்ன நடந்தது என்று தரைக்குச் சொன்னார்கள். ராக்கெட் கோளாறு, 2 நிமிடம் 45 நொடி என்று ஓவ்சினின் நிதானமாக அறிவித்த குரல் பதிவில் இருக்கிறது. இவ்வளவு சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டோமே என்றும் சொன்னார். அந்தக் குரலில் பதற்றம் இல்லை. பல நூறு மணி நேரம் பயிற்சிக் கூண்டில் இதே விளக்கு எரிந்து எரிந்து பழகிய குரல்.

ராக்கெட்டை விட்டு வந்தபின்னும் கலம் மேலே போய்க்கொண்டிருந்தது. எறிந்த பந்து கையைவிட்டுப் போன பிறகும் ஏறுவது போல. சுமார் 93 கி.மீ. வரை ஏறியது. விண்வெளியின் எல்லை என்று பலரும் ஏற்றுக்கொண்டிருப்பது 100 கி.மீ. அதைத் தொடவில்லை. ஆனாலும் சன்னல் வழியாகப் பூமியின் வளைவையும் கரிய வானத்தையும் பார்த்ததாக ஹேக் பிறகு சொன்னார். அங்கே போகத்தான் ஐந்து வருடம் உழைத்திருந்தார். தொட்டுவிடும் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஆறு புள்ளி ஏழு

மேலே போனது கீழே வர வேண்டும். கலத்தைத் தாங்கிப் பிடிக்க இறக்கையோ எஞ்சினோ இல்லை. எறிகல்போல நேராக விழுந்து, அடர்ந்த காற்றில் மோதி, வேகம் குறைய வேண்டும். அப்போது உடம்பின்மேல் விழுந்த அழுத்தம் 6.7 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பைப்போல் 6.7 மடங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பு கிட்டத்தட்ட 470 கிலோவாகக் கனக்கும். வழக்கமான சோயுஸ் இறக்கத்தில் இது 4 ஜி அளவில்தான் இருக்கும்.

விண்வெளி வீரருக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம் கேட்பார்கள்: கண்ணாடி போட்டிருந்தால் போகலாமா, உயரம் எவ்வளவு இருக்க வேண்டும். கண்ணாடி தடையில்லை. கண்ணாடி போட்டோ சிகிச்சை செய்தோ பார்வை முழுமையாகச் சரியானால் நாசாவுக்குப் போதும். உயரம் கேட்பதற்குக் காரணம் இந்த 6.7 ஜிதான்.

சோயுஸ் இருக்கையில் வீரர் சாய்ந்து உட்காருவதில்லை. முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கி மல்லாந்து கிடக்கிறார். அழுத்தம் மார்பிலிருந்து முதுகுக்குப் போனால் உடம்பு தாங்கும். தலையிலிருந்து காலுக்கு இறங்கினால் ரத்தம் கீழே வடிந்து நினைவு போய்விடும். அதனால் ஒவ்வொருவரையும் கிடத்தி, அவரவர் முதுகு வடிவத்துக்கே சாந்தில் அச்சு எடுத்து, அதற்கேற்ப இருக்கையின் உள்பகுதியைச் செதுக்குகிறார்கள். ஒருவருடைய இருக்கை இன்னொருவருக்கு ஆகாது. எடையற்ற நிலையில் முதுகெலும்பு கொஞ்சம் நீளும் என்பதால், திரும்பி வரும்போது தலை இடிக்காதபடி சிறிது இடமும் விட வேண்டும்.

இந்த அளவுகள் எவ்வளவு கறாரானவை என்பதற்கு 1995-ல் நடந்த ஒன்று போதும். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்துக்காக மாஸ்கோவுக்கு அருகே நட்சத்திர நகரில் பயிற்சியிலிருந்த அமெரிக்க வீரர் ஸ்காட் பராஜின்ஸ்கி, அவசரத்துக்குச் சோயுஸில் ஏற முடியாத அளவு உயரம் என்று திருப்பி அனுப்பப்பட்டார். வெண்டி லாரன்ஸுக்கோ உயரம் போதவில்லை என்றார்கள். இரண்டு பேருமே திறமையில் குறைந்தவர்கள் இல்லை, ஷட்டிலில் போய் வந்தவர்கள். பிறகு சோயுஸை மாற்றியமைத்து, 150 முதல் 190 செ.மீ. வரை உள்ளவர்கள் போகலாம் என்று வாசலை அகலப்படுத்தினார்கள்.

அழுத்தத்தில் மூச்சு விடுவதையே தனியாகக் கற்க வேண்டும். நெஞ்சு விரியாது, வயிற்றால் இழுக்க வேண்டும். நட்சத்திர நகரில் 18 மீட்டர் நீளக் கை கொண்ட ஒரு சுழலி இருக்கிறது. அதன் முனையிலுள்ள கூண்டில் வீரரைப் படுக்க வைத்து, எறிகல் இறக்கத்தில் வரும் 8 ஜி வரை சுழற்றிப் பழக்குகிறார்கள். ஹேக்கின் உடம்புக்கு அன்றைய 6.7 புதிதில்லை.

அப்புறம் மொழி. சோயுஸில் எல்லாம் ரஷ்ய மொழி. விளக்கின் பெயர், பொத்தானின் பெயர், தரையிலிருந்து வரும் கட்டளை, தலைவரின் குரல், அனைத்தும். கான்ஸஸ் மாநிலத்துச் சின்ன ஊர்க்காரர் ஒருவர், உயிர் போகும் நொடியில் ரஷ்ய மொழியில் கேட்டு ரஷ்ய மொழியில் பதில் சொன்னார். தகுதிப் பட்டியலில் இது ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு என்பதை, நடுவயதில் புது மொழி கற்க முயன்ற எவரும் அறிவார்கள்.

கிளம்பி 19 நிமிடம் 41 நொடியில் கலம் கசகஸ்தானின் ஜெஸ்காஸ்கான் நகருக்குக் கிழக்கே சுமார் 20 கி.மீ. தள்ளிப் புல்வெளியில் இறங்கியது. பாராசூட் விரிந்தது, தரையைத் தொடுமுன் எரியும் மெத்தென்ற இறக்க மோட்டார்களும் எரிந்தன. பைக்கனூரிலிருந்து 400 கி.மீ. தூரம். மீட்புப் படையினர் சிலர் பாராசூட்டில் குதித்தே வந்து சேர்ந்தார்கள். உள்ளே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, கைகுலுக்கிக்கொண்டதாக ஹேக் சொன்னார். அன்று மாலையே பைக்கனூர் விமான நிலையத்தில் குடும்பத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

இதற்கு முன்னும் இரண்டு முறை

சோயுஸில் இப்படித் தப்பியது இது மூன்றாவது முறை. 1975 ஏப்ரல் 5-ல் வாசிலி லாசரெவ், ஒலெக் மகாரோவ் இருவரும் 145 கி.மீ. உயரத்தில் ராக்கெட் அடுக்குகள் சரியாகப் பிரியாமல் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் உடம்பு தாங்கியது 21.3 ஜி. இறங்கியது அல்தாய் மலையின் பனிச் சரிவில். பாராசூட் சிக்கிக்கொண்டதால்தான் கலம் பள்ளத்தில் உருளாமல் நின்றது.

1983 செப்டம்பர் 26 இன்னும் பயங்கரம். கிளம்ப ஒன்றரை நிமிடம் இருக்கும்போது ஏவுமேடையிலேயே தீ. கட்டுப்பாட்டுக் கம்பிகள் கருகிப்போனதால் தானியங்கி வேலை செய்யவில்லை. உள்ளே இருந்த விளாதிமிர் டிடோவுக்கும் கென்னாதி ஸ்ட்ரெகலோவுக்கும் வெளியே தீப்பிடித்திருப்பதே முதலில் தெரியாது. தரையில் இருவர் தனித்தனியாக ரேடியோ கட்டளை கொடுத்தால்தான் கோபுரம் எரியும். கொடுத்தார்கள். கோபுரம் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு போன ஓரிரு நொடியில் ராக்கெட் வெடித்துச் சரிந்தது.

இந்த மூன்று நிகழ்ச்சிகளிலும் ஆறு பேர். ஆறு பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் ஷட்டில் 73-ஆவது நொடியில் சிதறியபோது ஏழு பேருக்கும் அப்படியொரு வழி இருக்கவில்லை. ஷட்டிலில் தப்பிக்கும் கோபுரமே கிடையாது. இந்த ஒப்பீட்டை நான் எப்போது எழுதினாலும் மனம் கனத்துப்போகிறது.

வளைந்த கம்பி

விசாரணைக் குழு அமைத்தார்கள், ஒலெக் ஸ்கோரோபோகாடவ் தலைமையில். மூன்றே வாரத்தில், நவம்பர் 1-ல், முடிவைச் சொன்னார்கள். ராக்கெட்டின் மேலேயே இருந்த கேமரா எடுத்த படத்தையும் வெளியிட்டார்கள். மூன்று விலகிப் போக, ஒன்று மட்டும் உடலோடு உரசித் தூள் பறப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

காரணம், குமிழ் விலகியதைச் சொல்ல வேண்டிய அந்தத் தொடு உணரியின் கம்பி வளைந்திருந்தது. எவ்வளவு? 6 டிகிரி 45 நிமிடம். நம் கணக்கில் ஆறே முக்கால் டிகிரி. பைக்கனூரில் பக்க ராக்கெட்டுகளை நடு உடலோடு சேர்த்துப் பூட்டும்போது நேர்ந்த வளைவு.

அந்த அளவு எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும்போலிருந்தது. அக்கா மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்தோம். வேலிக்கம்பியில் பத்து சென்டிமீட்டர் வெட்டி, காகிதத்தில் ஆறே முக்கால் டிகிரிக்குக் கோடு போட்டு, அதன்மேல் வைத்து மெல்ல வளைத்தோம். முனை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் விலகியது. மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்று பார்த்தால் நேர்க்கம்பி மாதிரியேதான் இருந்தது. "இதுக்கா மாமா?" என்றான். அதற்குத்தான். 300 டன் எடை, ஏறக்குறைய 50 மீட்டர் உயரம் உள்ள ராக்கெட்டை விழவைத்தது அதுதான்.

யாரோ ஒரு தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். விசாரணை அங்கே நின்றுவிடவில்லை என்பது எனக்கு நிம்மதி. குமிழைக் குழியில் பொருத்தும் நேரத்தில் அந்தக் கம்பி வளையக்கூடும், வளைந்தால் வெளியிலிருந்து தெரியாது. அப்படியென்றால் பொருத்தும் முறையே மாற வேண்டும், சரிபார்க்கும் முறை மாற வேண்டும், பூட்டுபவர்களின் தகுதியை மறுபடி சோதிக்க வேண்டும். ஏற்கெனவே பூட்டி வைத்திருந்த ராக்கெட்டுகளையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அத்தனையும் செய்யச் சொன்னார்கள்.

வேகமாகச் செய்தாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. விண்வெளி நிலையத்தில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள்: ஜெர்மனியின் அலெக்சாண்டர் கெர்ஸ்ட், அமெரிக்காவின் செரீனா அவுன்யோன்-சான்ஸ்லர், ரஷ்யாவின் செர்கேய் புரோகோபியெவ். தங்களை நோக்கி வந்துகொண்டிருந்த ராக்கெட்டின் புகைத்தடத்தைக் கெர்ஸ்ட் மேலிருந்து படமெடுத்தார். அவர்கள் திரும்ப வேண்டிய சோயுஸ் மேலேயே கட்டி நிற்கிறது, ஆனால் அதன் ஆயுள் சுமார் 200 நாள்தான். இறங்கும்போது திசை திருப்பும் உந்திகளுக்கான ஹைட்ரஜன் பெராக்சைடு நாளாக நாளாகச் சிதைந்துபோகும். புது ஆட்கள் வராமல் இவர்கள் இறங்கினால் 2000-லிருந்து மனிதர் இல்லாமலே இருந்திராத நிலையம் காலியாகிவிடும்.

அக்டோபர், நவம்பரில் ஆளில்லாச் சோயுஸ் ராக்கெட்டுகள் அடுத்தடுத்து வெற்றியாகப் போயின. நவம்பர் 16-ல் அதே எஃப்ஜி ரகம் சரக்குக் கலத்தை ஏற்றிச் சென்றது. டிசம்பர் 3-ல் மூன்று பேர் மேலே போனார்கள். விபத்து நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இது அவசரம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோளாறின் வேர் கையில் பிடிபட்டிருந்தது, அது பறக்கும்போது எடுத்த படத்தில் கண்ணால் பார்த்ததோடு பொருந்தியது. பிடிபடாமல் பறந்திருந்தால்தான் அவசரம்.

நம் பக்கத்தில்

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் திட்டமான ககன்யானின் வீரர்கள் நான்கு பேரும் பயிற்சி பெற்றது இதே நட்சத்திர நகரில்தான், 2020 பிப்ரவரி முதல் 2021 மார்ச் வரை. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப் படையின் சோதனை விமானிகள். முதல் பயணத்துக்கு இந்தத் தேர்வு நியாயமானதுதான். வண்டியே புதிது என்பதால், புது விமானத்தை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வேண்டும். ஆனால் இதையே நிரந்தர விதியாக ஆக்கிவிடக் கூடாது என்பது என் ஆசை. ஹேக்கைப் போல் ஒரு பொறியாளரும், மருத்துவர் செரீனாவைப் போல் ஒருவரும் நம்மிடமிருந்து போக வேண்டும்.

தப்பிக்கும் ஏற்பாட்டை இஸ்ரோ ஆரம்பத்திலேயே கையிலெடுத்தது எனக்குப் பெரிய நம்பிக்கை. 2018 ஜூலை 5-ல், சோயுஸ் விபத்துக்கு மூன்று மாதம் முன்னரே, ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுமேடையிலிருந்தே கலத்தைத் தூக்கிப் போகும் சோதனை நடந்தது. மொத்தம் 259 நொடி. 2023 அக்டோபர் 21-ல் பறந்துகொண்டிருக்கும்போதே பிரிக்கும் சோதனை. அன்று காலை முதல் முயற்சி கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினியால் நிறுத்தப்பட்டது. சரிபார்த்து 10 மணிக்கு அனுப்பினார்கள். சுமார் 12 கி.மீ. உயரத்தில், ஒலியைவிட வேகமாகப் போகும்போது கலம் பிரிந்து, பாராசூட்டில் வங்கக் கடலில் இறங்கியது. அந்தச் சோதனை ராக்கெட்டைத் தூக்கியது விகாஸ் எஞ்சின். அந்தக் குடும்பத்து எஞ்சின்கள் சோதிக்கப்படுவது திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில். மனிதர்களை ஏற்றத் தகுதியானதா என்று அங்கே நூற்றுக்கணக்கான நொடிகள் நிறுத்தாமல் எரியவிட்டுப் பார்க்கிறார்கள். உபயோகப்படவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, உபயோகப்படும் என்று எண்ணி ஒரு பொருளைச் செய்பவர்கள் அந்தத் தப்பிக்கும் ராக்கெட்டைச் செய்பவர்கள். அவர்கள் பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வருவதில்லை. சோயுஸின் உறையில் அந்த மோட்டார்களை வைத்தவர்களின் பெயரும் வரவில்லை.

மறுபடியும் அதே இருவர்

ஓவ்சினினும் ஹேக்கும் ஐந்து மாதம் கழித்து மறுபடி கிளம்பினார்கள். உடன் கிறிஸ்டினா கோக். இந்திய நேரம் 2019 மார்ச் 15, நள்ளிரவு தாண்டி 12 மணி 44 நிமிடம். அதே மேடை, அதே ரக ராக்கெட். இந்த முறை அக்கா மகனுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் தூங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்திருந்தான். அக்கா திட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

ராக்கெட் எழும்பியதும் அவன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். அறுபது, எழுபது. நூறு தாண்டியபோது குரல் இறங்கிவிட்டது. நூற்றுப் பதினைந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். நூற்றுப் பதினெட்டு. பைக்கனூரின் இருண்ட வானத்தில் நான்கு புள்ளிகள் நடுப்புள்ளியை விட்டு நான்கு பக்கமும் விலகின. நடுப்புள்ளி ஏறிக்கொண்டே போனது.

"நாலும் போச்சு மாமா," என்றான். பிறகுதான் கையை விட்டான்.